கணக்கில் வராத வாயு

எரிபொருளின் யுகம் – வரலாற்றுத் தொடர்: அத்தியாயம் 12

மோட்டார் வாகனங்களின் புகையால் காற்று கெடுகிறது என்பதை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அறிவியலும், அதற்குச் சற்றுப் பின்னர் சட்டமும் ஏற்றுக்கொண்டன. ஆனால் பெட்ரோல் எரிவதால் உருவாகும் பொருள்களில் எடை மிகுந்ததான கார்பன் டை ஆக்சைடு, சட்டத்தின் பார்வையில் ஒரு மாசு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2007ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் வாகனப் புகையைத் தூய்மைப்படுத்த மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் பெரும்பாலும், கண்ணையும் மூக்கையும் நுரையீரலையும் தாக்கிய நச்சுகளை, நிறமும் மணமும் அற்ற இந்த வாயுவாக மாற்றுவதையே இலக்காகக் கொண்டிருந்தன. மாசு எது என்பதை உடல் உணர்ந்ததைக் கொண்டு வரையறுத்த ஒரு சட்ட மரபு, உடல் உணராத ஒன்றைக் கணக்கில் சேர்க்க எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

எரிதலின் வரவு செலவு

பெட்ரோலும் டீசலும் ஹைட்ரோகார்பன்கள் எனப்படும் சேர்மங்களின் கலவைகள். ஹைட்ரஜன் அணுக்களும் கார்பன் அணுக்களும் பிணைந்து உருவான இச்சேர்மங்கள் என்ஜின் உருளைக்குள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது, ஹைட்ரஜன் நீராவியாகிறது. கார்பன், கார்பன் டை ஆக்சைடாகிறது. எரிதல் முழுமையாக நடந்தால் இவ்விரண்டைத் தவிர வேறு எதுவும் உருவாக வேண்டியதில்லை. நடைமுறையிலோ, உருளையின் சுவரோரத்தில் எரியாமல் தப்பும் எரிபொருள் ஹைட்ரோகார்பனாகவே வெளியேறுகிறது. ஆக்சிஜன் போதாத இடத்தில் கார்பன் அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்சைடு என்ற கொடிய நச்சு வாயுவாகிறது. உருளைக்குள் எழும் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. நகரங்களின் காற்றைக் கெடுத்தவை இந்த மூன்று துணைவிளைவுகளே. அளவில் அவை முதன்மை விளைபொருளான கார்பன் டை ஆக்சைடின் ஒரு சிறு பின்னம் மட்டுமே.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அது எரிந்து வெளியிடும் கார்பன் டை ஆக்சைடின் எடையோ ஏறத்தாழ 2.3 கிலோ. எரிபொருளைவிட அதன் புகை மூன்று மடங்கு எடையுள்ளதாக இருப்பதற்குக் காரணம், 12 அலகு நிறையுள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் தலா 16 அலகு நிறையுள்ள இரண்டு ஆக்சிஜன் அணுக்களைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டு 44 அலகு நிறையுள்ள மூலக்கூறாக மாறுவதுதான். நாற்பது லிட்டர் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு புறப்படும் ஒரு கார் முப்பது கிலோ எரிபொருளைச் சுமக்கிறது. தொட்டி காலியாகும்போது அது வளிமண்டலத்தில் சேர்த்திருப்பது தொண்ணூறு கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு. டீசலில் இந்த அளவு லிட்டருக்கு 2.7 கிலோவை நெருங்குகிறது.

சூரிய ஒளியைத் தடையின்றி உள்ளே விட்டு, வெப்பமுற்ற பூமி திருப்பி அனுப்பும் அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும் வாயுக்களே பசுமை இல்ல வாயுக்கள் எனப்படுகின்றன. 1856இல் யூனிஸ் ஃபூட்டும், 1859இல் ஜான் டிண்டாலும் தொடங்கிவைத்த ஆய்வுகளின் வழியே, 1896இல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரேனியஸ் கார்பன் டை ஆக்சைடுக்கும் புவி வெப்பநிலைக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டது முந்தைய அத்தியாயங்களில் விளக்கப்பட்டது. ஆகவே, மோட்டார் கார் பெருந்திரளாகச் சாலைக்கு வருவதற்கு முன்பே அதன் முதன்மைப் புகையின் இயல்பு அறிவியலுக்குத் தெரிந்திருந்தது.

லாஸ் ஏஞ்சலஸின் மூட்டம்

1943ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரை எரிச்சலூட்டும் பழுப்பு நிற மூட்டம் ஒன்று சூழ்ந்து, கண்களில் நீரையும் தொண்டையில் கரகரப்பையும் உண்டாக்கியது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால் ஜப்பானியர் நச்சு வாயுவை ஏவிவிட்டனர் என்ற வதந்தியும் பரவியது. செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீனைத் தயாரித்துவந்த ஓர் ஆலையின் மீது முதலில் பழி விழுந்தது. ஆலை தற்காலிகமாக மூடப்பட்ட பின்னும் மூட்டம் விலகவில்லை. 1947இல் அமைக்கப்பட்ட மாவட்டக் காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், வார்ப்பாலைகள் எனக் கண்ணுக்குப் புலப்படும் புகைபோக்கிகளை ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்தியது. வீட்டுக் கொல்லைகளில் குப்பை எரிக்கும் அடுப்புகள்கூட 1957இல் தடைசெய்யப்பட்டன.

மூட்டத்தின் வேதியியலை வெளிப்படுத்தியவர், கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய டச்சு நாட்டு உயிர்வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான ஆவிகளைக் குளிர்வித்துப் பிடிக்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், அதே முறையில் பாசடினா நகரின் காற்றைக் குளிர்வித்தபோது, கடும் நெடியுள்ள பழுப்புத் திரவத்தின் சில துளிகள் கிடைத்தன. வாகனங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உருவாக்குகின்றன என்றும், கண்ணெரிச்சலுக்கும் கீரைப் பயிர்களின் இலைச்சேதத்துக்கும் இந்த ஒளிவேதி வினைகளே காரணம் என்றும் அவர் 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டில் எத்தனை நிமிடங்களில் வெடிப்பு தோன்றுகிறது என்பதைக் கொண்டே அவர் காற்றிலுள்ள ஓசோனின் அளவைக் கணித்தார். ஓசோன் ரப்பரைப் பிளக்கும் என்பதே அந்த எளிய கருவியின் அடிப்படை.

எண்ணெய் நிறுவனங்களின் ஆதரவில் இயங்கிய ஆய்வாளர்கள் இம்முடிவை மறுத்தனர். மாவட்ட நிர்வாகக் குழு உறுப்பினர் கென்னத் ஹான் 1953இல் கார் நிறுவனங்களுக்கு எழுதிய கடிதத்துக்கு, வாகனப் புகை காற்றில் விரைவில் கலந்து கரைந்துவிடுவதால் அது மாசுப் பிரச்சினையாகாது என்பதே ஃபோர்டு நிறுவனத்தின் பொறியியல் பிரிவு தந்த விடை. ஆயினும் அடுத்த பத்தாண்டுக்குள் ஹாகன்-ஸ்மிட்டின் விளக்கம் அரசின் கொள்கையானது. வாகனப் புகைக்கான வரம்புகள் கலிஃபோர்னியாவில் 1966ஆம் ஆண்டு மாதிரிக் கார்களுக்கும், நாடு முழுவதும் 1968ஆம் ஆண்டு மாதிரிக் கார்களுக்கும் நடைமுறைக்கு வந்தன. 1967இல் உருவாக்கப்பட்ட கலிஃபோர்னியா காற்றுவள வாரியத்தின் முதல் தலைவராக ஹாகன்-ஸ்மிட்டே நியமிக்கப்பட்டார்.

தொடக்ககால வரம்புகள் ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் மட்டுமே குறிவைத்தன. அவற்றைக் குறைப்பதற்காக எரிபொருளைவிடக் காற்றை மிகுத்தும், வெப்பத்தைக் கூட்டியும் என்ஜின்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, வரம்பு விதிக்கப்படாத நைட்ரஜன் ஆக்சைடுகள் அதிகரித்தன. ஒன்றை அளந்து மற்றொன்றை அளக்காமல் விட்டால், அளக்காதது வளரும் என்ற இந்த நிகழ்வு பின்னாளில் பெரிய அளவில் இருமுறை மீண்டும் நடந்தது.

அதே வளாகத்தில் இன்னோர் ஆய்வு

வாகனப் புகை நகரின் எல்லைக்குள் நிற்கும் சிக்கலாகப் பார்க்கப்பட்ட அதே காலத்தில், உலக வளிமண்டலத்தை நோக்கிய ஆய்வு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. 1938இல் கை கலெண்டர் என்ற பிரிட்டிஷ் நீராவிப் பொறியாளர், வானிலை நிலையங்களின் பழைய பதிவுகளைத் தொகுத்து, முந்தைய அரை நூற்றாண்டில் எரிபொருள்கள் எரிக்கப்பட்டதால் ஏறத்தாழ 15,000 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேர்ந்துள்ளது என்றும், புவி வெப்பநிலை உயர்ந்துவருவதற்கு அது ஒரு காரணம் என்றும் வாதிட்டார். கூடுதல் வெப்பம் வட நாடுகளின் வேளாண்மைக்கு நன்மை தரும் என்று அவர் கருதியதும், கடல் இந்த வாயுவை முழுவதும் விழுங்கிக்கொள்ளும் என்று பெரும்பாலான அறிஞர்கள் நம்பியதும், அவரது முடிவு உரிய கவனம் பெறாமல் போகக் காரணங்களாயின.

ஐயத்தைத் தீர்க்க நம்பகமான அளவீடு தேவைப்பட்டது. ஹாகன்-ஸ்மிட் பணியாற்றிய அதே கழகத்தில் 1953இல் சேர்ந்த சார்லஸ் டேவிட் கீலிங் அதற்கான கருவியை வடிவமைத்தார். எண்ணெய், மோட்டார் நிறுவனங்களின் நிதியில் இயங்கி, லாஸ் ஏஞ்சலஸ் மூட்டத்தை ஆராய்ந்துவந்த காற்று மாசு அறக்கட்டளையும் அவரது தொடக்ககால ஆய்வுக்கு நிதி வழங்கியது. நகரக் காற்றில் வாகனங்களாலும் குப்பை அடுப்புகளாலும் கார்பன் டை ஆக்சைடின் அளவு மேலும் கீழுமாக அலைவதையும், நகரங்களுக்கு அப்பால் அது பிற்பகல்களில் ஒரே அளவில் நிலைப்பதையும் கண்ட கீலிங், 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் தொடர் அளவீட்டைத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் ஏறத்தாழ 313 ஆக இருந்த கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள், 1970இல் 325ஐத் தாண்டின. 2024ஆம் ஆண்டின் சராசரி ஏறத்தாழ 424. புகை காற்றில் கலந்து கரைந்துவிடும் என்ற 1953ஆம் ஆண்டு விடைக்கு மவுனா லோவாவின் வரைபடமே மறுப்பானது: கலந்தது உண்மை, மறையவில்லை.

1965இல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் அறிவியல் ஆலோசனைக் குழு அளித்த சுற்றுச்சூழல் அறிக்கை, எரிபொருள் எரிப்பால் உயரும் கார்பன் டை ஆக்சைடுக்குத் தனியொரு பிற்சேர்க்கையையே ஒதுக்கியது. எனினும் வாகன வரம்புகளை வகுத்த பொறியாளர்களின் அட்டவணையில் அந்த வாயு இடம்பெறவில்லை.

தூய்மையின் இலக்கணம்

1970 டிசம்பர் 31 அன்று அதிபர் ரிச்சர்ட் நிக்சன் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம், 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 90 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அதை நிறைவேற்றும் பொறுப்பு, அதே மாதத்தில் உருவான சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் ஒப்படைக்கப்பட்டது. என்ஜினை மட்டும் திருத்தி இந்த இலக்கை எட்ட முடியாத நிலையில், வெளியேறும் புகையை வழியிலேயே மாற்றும் வினையூக்கி மாற்றி என்ற கருவி 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் பரவலாகப் பொருத்தப்பட்டது.

தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய படலமாகப் பூசப்பட்ட இக்கருவிக்குள் சூடான புகை நுழையும்போது, கார்பன் மோனாக்சைடு மேலும் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பெற்றுக் கார்பன் டை ஆக்சைடாகிறது. எரியாத ஹைட்ரோகார்பன் அதே வாயுவாகவும் நீராகவும் பிரிகிறது. 1970களின் பிற்பகுதியில் வந்த மும்முனை மாற்றிகள் ரோடியத்தின் துணையோடு நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சாதாரண நைட்ரஜனாக மாற்றின. இம்மூன்று வினைகளும் ஒருசேர நடக்க, ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற விகிதம் பிசகாமல் காக்கப்பட வேண்டும். புகையில் எஞ்சும் ஆக்சிஜனை உணர்ந்து எரிபொருளின் அளவைத் திருத்தும் உணரி அதற்காகவே சேர்க்கப்பட்டது.

பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் இந்த உலோகப் படலத்தை மூடிச் செயலிழக்கச் செய்ததால், ஈயம் கலவாத பெட்ரோலும் கட்டாயமானது. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்து, என்ஜினின் தட்டொலியைத் தடுக்கப் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட டெட்ரா எத்தில் ஈயம், இவ்வாறு பின்வாங்கத் தொடங்கி, 2021இல் அல்ஜீரியாவோடு உலகச் சாலைகளிலிருந்து முற்றிலும் நீங்கியது. பொதுச் சுகாதார வரலாற்றில் வினையூக்கி மாற்றிக்கு உரிய இடம் மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கருவி வெற்றி பெற்றதன் அளவுகோலே, புகையில் கார்பன் டை ஆக்சைடும் நீரும் நைட்ரஜனும் தவிர வேறெதுவும் எஞ்சாமல் இருப்பது என்பதைக் கவனிக்க வேண்டும். மேலும், தொடக்ககால மும்முனை மாற்றிகள் தம் வினையின் ஊடே நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவைச் சிறிதளவு உருவாக்கின. எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டும் அந்த வாயுவுக்கும் அப்போது வரம்பு எதுவும் இல்லை.

குளிர்சாதனத்தின் கசிவு

மிட்ஜ்லியின் பெயரோடு இணைந்த இரண்டாவது கண்டுபிடிப்பும் காருக்குள் நுழைந்தது. 1930ஐ ஒட்டி அவர் தலைமையில் உருவான குளோரோஃபுளூரோகார்பன் என்ற குளிரூட்டும் வாயு, நச்சற்றது, தீப்பிடிக்காதது என்று போற்றப்பட்டு, பின்னர் கார்களின் குளிர்சாதனங்களிலும் இடம்பிடித்தது. ஓடும் என்ஜினின் அதிர்வைத் தாங்க வேண்டிய ரப்பர்க் குழாய்கள், இணைப்புகள் வழியே இந்த வாயு சிறிது சிறிதாகக் கசிவது காரில் தவிர்க்கவியலாத ஒன்று.

மதுரையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் ராமநாதன், அமெரிக்கா செல்லும் முன் செகந்திராபாத்தில் குளிர்பதனத் தொழிற்சாலையில் பணியாற்றியபோது எதிர்கொண்டது இத்தகைய கசிவுச் சிக்கலையே. 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் இவ்வாயு ஓசோன் படலத்தை அழிப்பதை விளக்கிய மறு ஆண்டில், நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் இருந்த ராமநாதன், இது வலிமை மிக்க பசுமை இல்ல வாயு என்றும், இதன் ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 10,000 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்கு ஈடாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்றும் கணக்கிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரையில் அறிவித்தார். புவி வெப்பமாதலை கார்பன் டை ஆக்சைடு ஒன்றின் விளைவாகவே கருதிவந்த அறிவியல், ஏனைய வாயுக்களையும் கூட்டிப் பார்க்கத் தொடங்குவதற்கு இந்தக் கட்டுரை வழிகோலியது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை இவ்வாயுவை விலக்கியபோது அதன் இடத்தைப் பிடித்த ஹைட்ரோஃபுளூரோகார்பன், ஓசோன் படலத்தைக் காத்தாலும், கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பமூட்டுவதாக இருந்தது; அதைக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் தனியொரு திருத்தம் தேவைப்பட்டது.

எண்ணெய்க்காக வந்த சிக்கனம்

ஹைட்ரோகார்பனைப் போலவோ கார்பன் மோனாக்சைடைப் போலவோ கார்பன் டை ஆக்சைடைப் புகைக்குழாயில் கருவி பொருத்திக் களைய முடியாது. குறைந்த எரிபொருளை எரிப்பது ஒன்றே பெட்ரோல் காரில் அதற்கான வழி. 1973ஆம் ஆண்டின் அரபு எண்ணெய்த் தடைக்குப் பின், எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கும் நோக்கத்தோடு 1975இல் அமெரிக்கா இயற்றிய எரிபொருள் சிக்கனச் சட்டம், புதிய கார்களின் சராசரியைப் பத்தாண்டில் ஏறத்தாழ இருமடங்காக்கி, லிட்டருக்கு 11.7 கிலோமீட்டராக உயர்த்தப் பணித்தது. பருவநிலையைப் பற்றி எதுவும் பேசாத இச்சட்டமே நடைமுறையில் அந்நாட்டின் முதல் கார்பன் டை ஆக்சைடு கட்டுப்பாடாக அமைந்தது.

ஆனால் பண்ணைகளிலும் கட்டுமானத் தொழிலிலும் பயன்பட்ட சிறு சரக்கு வாகனங்களுக்குத் தளர்வான தனி வரம்பு வகுக்கப்பட்டிருந்தது. அந்த வகையின்கீழ் பதிவாகும்படி வடிவமைக்கப்பட்டு, குடும்பப் பயன்பாட்டுக்கென விற்கப்பட்ட உயர்ந்த, கனத்த எஸ்யூவி வண்டிகள் 1980களின் நடுப்பகுதியிலிருந்து பெருகின. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புதிய வாகன விற்பனையில் சிறு சரக்கு வாகன வகை முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ பாதியை எட்டியது. காருக்கான வரம்பு அப்படியே இருக்க, சாலையில் ஓடும் வண்டி மாறிவிட்டது.

மாசசூசெட்ஸ் வழக்கு

தூய காற்றுச் சட்டத்தின் 202ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரத்துக்கோ பொதுநலத்துக்கோ ஊறு விளைவிக்கும் காற்று மாசுக்குக் காரணமாகும் அல்லது பங்களிக்கும் எந்தப் பொருளையும் புதிய வாகனங்களில் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறது. பொதுநலம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் 1970லேயே பருவநிலையும் இடம்பெற்றிருந்தது. இந்தச் சொற்களைச் சுட்டிக்காட்டி, பசுமை இல்ல வாயுக்களைக் கட்டுப்படுத்தக் கோரிச் சில பொதுநல அமைப்புகள் 1999இல் முகமையிடம் மனு அளித்தன. தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றும், இருந்தாலும் அதைப் பயன்படுத்த இது தருணமன்று என்றும் கூறி 2003இல் முகமை மனுவை நிராகரித்தது. இதற்கிடையே, வாகனங்களின் பசுமை இல்ல வாயுக்களை நேரடியாகக் கட்டுப்படுத்தும் நாட்டின் முதல் சட்டத்தை, ஃபிரான் பேவ்லி என்ற சட்டமன்ற உறுப்பினரின் முன்மொழிவில் கலிஃபோர்னியா 2002இல் நிறைவேற்றியிருந்தது.

முகமையின் முடிவை எதிர்த்து மாசசூசெட்ஸ் உள்ளிட்ட 12 மாநிலங்கள் தொடுத்த வழக்கில், 2007 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உயரும் கடல்மட்டம் தன் கரையோர நிலத்தை விழுங்குகிறது என்பதால் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு வழக்குத் தொடரும் உரிமை உண்டு என்று ஏற்ற நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், கார்பன் டை ஆக்சைடு சட்டத்தின் விரிந்த வரையறைக்குள் வரும் காற்று மாசே என்று எழுதினார். உலகளாவிய உமிழ்வில் அமெரிக்கப் புது வாகனங்களின் பங்கு மிகச் சிறியது, அதைக் குறைப்பதால் பயனில்லை என்ற அரசுத் தரப்பு வாதமும் எடுபடவில்லை. 1999இல் மட்டும் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு 170 கோடி டன்னுக்கு மேல் என்றும், அது உலக உமிழ்வில் 6 விழுக்காட்டுக்கும் அதிகம் என்றும் குறிப்பிட்ட தீர்ப்பு, பெருஞ்சிக்கல்களை அரசு அமைப்புகள் ஒரே நடவடிக்கையில் தீர்ப்பதில்லை, படிப்படியாகவே குறைக்கின்றன என்று விளக்கியது.

இதன் தொடர்ச்சியாக 2009 டிசம்பரில், கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, ஹைட்ரோஃபுளூரோகார்பன்கள், பெர்ஃபுளூரோகார்பன்கள், சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடு ஆகிய ஆறும் மக்கள் நலத்துக்கு ஊறானவை என்ற முடிவை முகமை வெளியிட்டது. 2010 ஏப்ரலில் வந்த விதி, 2016ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களின் சராசரி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 155 கிராம் கார்பன் டை ஆக்சைடைத் தாண்டக்கூடாது என்று வரம்பிட்டது. அந்த அடிப்படை முடிவும் அரசியலின் அலைக்கழிப்புக்குத் தப்பவில்லை. அதைத் திரும்பப் பெறும் முன்மொழிவை 2025 ஜூலையில் அதே முகமையே வெளியிட்டது.

ஐரோப்பா திருப்பிப் போட்ட கணக்கு

ஐரோப்பா இதற்கு நேரெதிரான பாதையில் சென்றது. புதிய கார்களின் சராசரியைக் கிலோமீட்டருக்கு 140 கிராம் கார்பன் டை ஆக்சைடாகக் குறைப்பதாக ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர்கள் 1998இல் வாக்களித்தனர். அந்த இலக்கு எட்டப்படாததால் 2009இல் கட்டாய வரம்பு வந்தது. ஒரே அளவு எரிபொருளில் அதிக தூரம் ஓடும் டீசல் கார்களை வரிச்சலுகை மூலம் பல அரசுகள் ஊக்குவித்ததால், மேற்கு ஐரோப்பாவின் புதிய கார்களில் டீசலின் பங்கு 2011ஐ ஒட்டிப் பாதிக்கும் மேலாக இருந்தது. ஆனால் டீசல் என்ஜின் காற்று மிகுந்த கலவையில் எரிவதால், பெட்ரோல் காரின் மும்முனை மாற்றி அதன் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் களைய உதவாது. தனிக் கருவிகளும் கூடுதல் செலவும் தேவைப்பட்டன.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரின் பின்புறத்தில் அளவுக் கருவிகளை ஏற்றிச் சாலையிலேயே ஓட்டிச் சோதித்தபோது, ஆய்வகச் சோதனையில் தேறிய ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்கள் சாலையில் பன்மடங்கு நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டது 2014இல் தெரியவந்தது. சோதனை நடப்பதை உணர்ந்து, அப்போது மட்டும் புகைக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கும் மென்பொருள் அவற்றில் இருந்ததையும், உமிழ்வு வரம்பைப் போல் 40 மடங்கு வரை சென்றதையும் 2015 செப்டம்பரில் அமெரிக்க முகமை அறிவித்தது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 1.1 கோடி வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அமெரிக்கா நச்சுகளை எண்ணிக் கார்பனை விட்டது. ஐரோப்பா கார்பனை எண்ணி நச்சுகள் பெருக இடங்கொடுத்தது.

காருக்கு வெளியே

2009ஆம் ஆண்டின் ஆறு வாயுக்களில் நான்கு, காரிலேயே பிறக்கின்றன. எஞ்சிய இரண்டும், அந்த நான்கின் பிற ஊற்றுகளும் மனித வாழ்வின் மற்றத் துறைகளைச் சுட்டுகின்றன. அலுமினிய உருக்காலைகளும் சில்லு ஆலைகளும் பெர்ஃபுளூரோகார்பன்களையும், உயரழுத்த மின்சாரச் சாதனங்கள் சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடையும் வெளியிடுகின்றன. கால்நடைகளின் செரிமானம், நீர் தேங்கிய நெல்வயல், நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு, குப்பைமேடு ஆகியவை மீத்தேனின் ஊற்றுகள். உரமிட்ட மண்ணே நைட்ரஸ் ஆக்சைடின் முதன்மை மூலம். சிமெண்ட் ஆலையில் எரிபொருளே இல்லாமல் சூளையைச் சூடாக்க முடிந்தாலும், சுண்ணாம்புக்கல் சுண்ணாம்பாகச் சிதையும்போது அக்கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்.

பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் கணக்குப்படி, 2019இல் மனிதச் செயல்களால் வெளியான பசுமை இல்ல வாயுக்களின் மொத்தம், கார்பன் டை ஆக்சைடு எடைக்கு மாற்றிச் சொன்னால், ஏறத்தாழ 5,900 கோடி டன். அதில் மின்சாரம் உள்ளிட்ட ஆற்றல் வழங்கல் 34 விழுக்காடு, தொழில்துறை 24, வேளாண்மையும் காடழிப்பும் உள்ளிட்ட நிலப்பயன்பாடு 22, போக்குவரத்து 15, கட்டடங்களில் நேரடியாக எரிக்கப்படும் எரிபொருள் 6. போக்குவரத்தின் பங்கில் ஏறத்தாழ பத்தில் ஏழு பகுதி சாலை வாகனங்களுடையது. ஆக, உலக உமிழ்வில் ஏறத்தாழ பத்தில் ஒன்று சாலையில் பிறக்கிறது. பேருந்தும் ரயிலும் அருகிப்போய்க் கார்களை நம்பிப் பரந்துவிட்ட அமெரிக்காவிலோ, 2010களின் பிற்பகுதியிலிருந்து போக்குவரத்தே மின்சாரத்தையும் முந்தி முதலிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துறையையும் தனியே எடுத்து நோக்கினால் எதுவும் பாதியைக்கூட எட்டவில்லை என்பதால், தன் பங்கு சிறியது என்ற மாசசூசெட்ஸ் வழக்கின் அரசுத் தரப்பு வாதத்தை எந்தத் துறையும் எழுப்ப இயலும். அதை ஏற்றுக்கொண்டால் கட்டுப்படுத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வாகனச் சட்டங்களின் வரலாறு இறுதியாக ஓர் அடிப்படை வேறுபாட்டில் வந்து நிற்கிறது. நகரத்து ஓசோன் தோன்றிய சில நாள்களில் சிதைந்துவிடுவது. எனவே கார்களின் எண்ணிக்கை உயர்ந்தபோதும், ஒவ்வொரு காரின் நச்சையும் அதைவிட விரைவாகக் குறைத்ததன் மூலம் லாஸ் ஏஞ்சலஸ் தன் காற்றைப் பெருமளவு மீட்டது. கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கிச் சேர்வது. உமிழ்வு ஓரளவு குறைந்தாலும், இருப்பு உயர்ந்துகொண்டே போகும். கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற வரம்பு, கடக்கும் கிலோமீட்டர்களையும் சாலையில் இருக்கும் வண்டிகளையும் எண்ணுவதில்லை. மூட்டத்தை வென்ற அதே சட்ட வடிவம் இந்த வாயுவைத் தன் பட்டியலில் சேர்த்த பின்னரும் அதன் மொத்தத்தைத் தடுக்க இயலாமல் போனதற்குக் காரணம், இருப்பாகச் சேர்வதை அன்றாடப் புகையின் அளவுகோலால் அளந்ததே. எரிபொருளையே மாற்ற முனைந்த மின்சாரக் காரின் நூற்றாண்டு வரலாறும், அதற்கு மின்சாரம் தரும் நிலக்கரி அனல்மின் நிலையங்களின் கணக்கும் அடுத்த அத்தியாயத்தில் இடம்பெறும்.

(தொடரும்)